ஜியென்குவோ: நாட்டைப் பெயராகச் சுமந்த ஒரு தலைமுறை

சீன நகரமொன்றின் பூங்காவில் காலை உடற்பயிற்சிக்கு வந்திருக்கும் முதியவர்களுக்கு நடுவே நின்று "ஜியென்குவோ" என்று உரத்துக் கூப்பிட்டால், யாராவது ஒருவர் திரும்பிப் பார்க்கக்கூடும். எழுபது வயதைச் சுற்றியிருக்கும் சீன ஆண்களிடையே அவ்வளவு பரவலான பெயர் அது. அதே நகரத்தின் பாலர் பாடசாலை வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால், பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாத்தா ஒருவர்தான் பெரும்பாலும் திரும்புவார்.

ஒரு பெயர் எப்படி ஒரு தலைமுறைக்குள் வெள்ளம்போல வந்து, அந்தத் தலைமுறையோடேயே வற்றிப்போகிறது? அதைத் தேர்ந்தெடுத்தவர் யார், பிள்ளையின் பெற்றோரா, அல்லது அன்றைய அரசா? அந்தப் பெயரோடு பிறகு வாழவேண்டியிருந்தவருக்கு என்ன ஆனது? இந்தக் கேள்விகளுக்காகத்தான் ஒரு சீன ஆண்பெயரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

கொழும்புத் துறைமுக நகரம், அம்பாந்தோட்டைத் துறைமுகம், கடன் மறுசீரமைப்பு என்று நமது செய்திகளில் சீனப் பெயர்கள் இப்போது தாராளமாக அடிபடுகின்றன. ஆனாலும் நமக்கு அவை வெறும் ஓசைகள். ஊடகக் கற்கை படித்த நாட்களில், ஒருவரின் பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் பின்னர்தான் வந்தது.

இரண்டே எழுத்துகள்

"ஜியென்" என்றால் கட்டு, எழுப்பு, நிறுவு. "குவோ" என்றால் நாடு. சேர்த்தால் "நாட்டை நிறுவு" அல்லது "நாட்டைக் கட்டியெழுப்பு". ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து நமது பத்திரிகைகள் இதை "ஜியாங்குவோ" என்றும் "ஜியான்குவோ" என்றும் எழுதுவதுண்டு. சீனர் வாயில் முதல் அசை "ஜியென்" என்றே ஒலிக்கிறது. அந்த அசை மேலிருந்து கீழே விழுகிறது, அடுத்த அசை கீழிருந்து மேலே எழுகிறது. தொனி மாறினால் சொல்லே மாறிவிடும் மொழி அது.

சீன எழுத்து ஒலியை மாத்திரம் குறிப்பதில்லை, பொருளையும் சுமக்கிறது. "குவோ" என்ற எழுத்தின் பழைய வடிவத்தில் நான்கு பக்கமும் மதில்போல ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஓர் ஈட்டி, ஒரு வாய், அவற்றின் கீழே நிலத்தைப்போல ஒரு கோடு. ஆயுதத்தால் காக்கப்படும் நிலப்பரப்பு என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். 1956இல் மக்கள் சீனக் குடியரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது பெட்டிக்குள் இருந்தவை போய், அந்த இடத்தில் பச்சைமணிக் கல்லைக் குறிக்கும் எழுத்து வந்தது. இன்று பெய்ஜிங்கில் ஒருவர் நாடு என்று எழுதினால் மதிலுக்குள் மணிக்கல் இருக்கும். தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் எழுதினால் மதிலுக்குள் ஈட்டி இருக்கும். பெயர் ஒன்றுதான். எழுதும் கை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை எழுத்து சொல்லிவிடும்.

எந்தச் சொல்லும் பெயராகலாம்

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், பிள்ளைக்கென்று வைத்த பெயர் பின்னால் வரும். சீனாவின் இன்றைய ஜனாதிபதியின் குடும்பப் பெயர் சீ, அவருடைய சொந்தப் பெயர் ஜின்பிங். ஆகவே ஒருவர் வாங் ஜியென்குவோ என்றால் அவர் வாங் குடும்பத்தவர், அவருக்கு வைத்த பெயர் ஜியென்குவோ. குடும்பப் பெயர்கள் குறைவு. வாங், லி, சாங் ஆகிய மூன்றை மாத்திரம் தலா 9 கோடிக்கும் அதிகமானோர் கொண்டிருக்கிறார்கள். ஆகவே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டும் வேலை முழுவதும் பின்னால் வரும் ஓரிரு எழுத்துகளின் தலையில் விழுகிறது.

இங்கேதான் அவர்களுடைய வழக்கத்துக்கும் நம்முடையதற்கும் பெரிய வேறுபாடு. நமக்குப் பெயர்களின் ஒரு களஞ்சியம் இருக்கிறது. சாமிப் பெயர்கள், பாட்டன் பூட்டன் பெயர்கள், புனிதர் பெயர்கள், இலக்கியப் பெயர்கள் என்று அதிலிருந்து ஒன்றை எடுக்கிறோம். சீனத்தில் அப்படியான முடிந்த பட்டியல் கிடையாது. அகராதியில் இருக்கும் எந்த ஓரிரு எழுத்துகளையும் பெற்றோர் சேர்த்து ஒரு பெயரை ஆக்கலாம். செல்வம், நீண்ட ஆயுள், கல்வி, மலை, வசந்தம் எல்லாம் பெயராகும். ஆண்பிள்ளைக்காகக் காத்திருந்த வீட்டில் பெண்பிள்ளை பிறந்தால், "தம்பியை அழைத்து வா" என்று பொருள்படும் "சாவோதி" என்ற பெயரை அவளுக்கு வைத்துவிடும் கொடுமையும் உண்டு.

இந்தச் சுதந்திரத்துக்குக் குலங்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தன. ஒரே தலைமுறையில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஓர் எழுத்தைப் பொதுவாகக் கொள்ள வேண்டும். எந்தத் தலைமுறைக்கு எந்த எழுத்து என்பதைக் குலத்தின் வம்சாவளி ஏடு பல தலைமுறைகளுக்கு முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்திருக்கும். மாவோ சேதுங்கின் தம்பிமார் மாவோ சேமின், மாவோ சேதான். மூவருக்கும் "சே" பொது. அவருடைய பரம எதிரியான சியாங் கைஷேக்கும் தன் இரண்டு ஆண்பிள்ளைகளுக்குப் பொது எழுத்து வைத்தார். மூத்தவர் சிங்குவோ, வளர்ப்பு மகனான இளையவர் வெய்குவோ. நெசவில் பாவு, ஊடு என்று இரண்டு நூல்கள் இருக்கின்றன அல்லவா? அந்த இரண்டும்தான் பெயர்களின் முதல் எழுத்துகள். பின்னால் வரும் "குவோ" நாடு. நாட்டை நெய்யும் பாவும் ஊடுமாக மகன்மாரை நினைத்திருக்கிறார் தகப்பன். மூத்தவர் பின்னாளில் தாய்வானின் ஜனாதிபதியாகி, 1987இல் அங்கே பல பத்தாண்டுகளாக இருந்த இராணுவச் சட்டத்தை நீக்கினார்.

நாடு என்ற சொல்லைப் பிள்ளையின் பெயரில் வைப்பது, ஆகவே, ஒரு கட்சிக்கு மட்டும் உரிய வழக்கமாக இருக்கவில்லை. மற்றொன்றும் கவனிக்க வேண்டும். ஜியென்குவோ பெரும்பாலும் ஆண்களுக்கே வைக்கப்பட்ட பெயர். நாட்டைக் கட்டுவது ஆணின் வேலை என்ற எண்ணம், பெண்கள் வானத்தின் பாதியைத் தாங்குகிறார்கள் என்று முழங்கிய ஆட்சியின் காலத்திலும் பெயர்களில் அப்படியே இருந்தது.

எல்லோரும் பயன்படுத்திய சொல்

1949 ஒக்டோபர் 1ஆம் திகதி தியனன்மென் வாயிலின் மேல் நின்று மாவோ மக்கள் சீனக் குடியரசைப் பிரகடனம் செய்தார். அதற்குப் பின் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு ஜியென்குவோ என்ற பெயர் நாடெங்கும் வைக்கப்பட்டது. இதனால் இந்தச் சொல்லையே கம்யூனிஸ்ட் கட்சியின் படைப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சொல்லின் வயது அதைவிட மிக அதிகம்.

கி.பி. 9இல் ஹான் வம்சத்தின் அரியணையைக் கைப்பற்றிய வாங் மாங், தன் ஆட்சியின் முதல் ஆண்டுகளுக்கு வைத்த பெயரே "நாட்டை நிறுவுதலின் தொடக்கம்" என்று பொருள்படும் ஷிஜியென்குவோ. அவர் நிறுவிய வம்சம் கி.பி. 23இல் கிளர்ச்சியாளர்களின் கையில் அவரோடு சேர்ந்து முடிந்தது. நவீன காலத்தில் இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் சுன் யாட் சென். குடியரசை எப்படிக் கட்டுவது என்று அவர் 1924இல் வெளியிட்ட திட்டத்தின் தலைப்பிலேயே ஜியென்குவோ இருக்கிறது. 1938இல், ஜப்பானியப் படைகள் உள்ளே புகுந்துகொண்டிருந்தபோது, சியாங் கைஷேக்கின் தேசியவாதக் கட்சி அரசு "எதிர்த்துப் போரிடுவோம், நாட்டைக் கட்டுவோம்" என்ற பொருளில் ஒரு வேலைத்திட்டத்தை அறிவித்தது. அதிலும் இதே இரண்டு எழுத்துகள்.

விசித்திரம் என்னவென்றால், அதே 1938இல் எதிரிப் பக்கத்திலும் அதே இரண்டு எழுத்துகள் இருந்தன. வடகிழக்குச் சீனாவைப் பிடித்த ஜப்பான் 1932இல் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை அங்கே அமைத்தது. 1938இல் அதன் தலைநகரில் ஒரு பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் பெயர் "நாட்டை நிறுவும் பல்கலைக்கழகம்". ஜப்பானியர் அதைக் "கென்கொக்கு" என்று வாசித்தார்கள். எழுத்து அதுதான். ஆக்கிரமித்தவனும் எதிர்த்து நின்றவனும் ஒரே சொல்லைத் தங்கள் கொடியில் எழுதியிருந்தார்கள்.

இன்றும் ஜப்பானில் பெப்ரவரி 11ஆம் திகதி வரும் நாடு நிறுவப்பட்ட நினைவு நாளின் பெயரில் இந்த எழுத்துகள் உண்டு. சியோலில் கொன்குக் பல்கலைக்கழகம் உண்டு. தாய்ப்பேயில் ஜியென்குவோ என்றே பெயர்கொண்ட பிரபல உயர்பாடசாலை உண்டு. சிங்கப்பூர் அரசு 2014இல் தன் முன்னோடித் தலைமுறைக்கு மருத்துவச் சலுகைகளை அறிவித்தபோது, சீன மொழியில் அவர்களை ஜியென்குவோ தலைமுறை என்றே அழைத்தது. நமது சொந்தக்காரர் யாராவது சிங்கப்பூரில் முதியவராக இருந்தால், அவரும் சீனக் கணக்கில் ஒரு ஜியென்குவோதான்.

நாட்காட்டியான பிள்ளைகள்

1949க்குப் பின் நடந்தது வேறொன்று. அரசியல் நிகழ்வுகள் நேரடியாகத் தொட்டிலுக்குள் வந்தன. குலத்தின் வம்சாவளி ஏடு நிலப்பிரபுத்துவ எச்சமாகப் பார்க்கப்பட்ட காலத்தில், அந்த ஏடு விட்ட இடத்தைப் பத்திரிகைத் தலைப்புகள் நிரப்பின.

விடுதலை என்று பொருள்படும் ஜியேஃபாங். தேசிய தினத்தில் பிறந்தவருக்குக் குவோசிங். படையை நிறுவு என்ற பொருளில் ஜியென்ஜுன். 1950 ஒக்டோபரில் சீனத் தொண்டர் படை யாலு ஆற்றைக் கடந்து கொரியப் போருக்குள் இறங்கியது. உடனே இரண்டு புதிய பெயர்கள் பிறந்தன. அமெரிக்காவை எதிர் என்பது காங்மெய். கொரியாவுக்கு உதவு என்பது யுவான்சாவ். இரண்டையும் சேர்த்தால் அந்தப் போருக்குச் சீன அரசு வைத்த பெயராகும். அடுத்தடுத்துப் பிறந்த இரு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாக அதைப் பிரித்து வைத்த வீடுகளும் இருந்தன. அந்தப் போரில், சீன அரசின் கணக்குப்படியே, 1,97,000க்கும் மேற்பட்ட சீனர்கள் மாண்டார்கள். மாவோவின் மூத்த மகன் அன்யிங் 1950 நவம்பர் 25ஆம் திகதி அங்கே குண்டுவீச்சில் இறந்தார். முன்னணியிலிருந்து சவப்பெட்டியும் வராமல் காத்திருந்த வீடுகளுக்குப் பக்கத்து வீட்டில், அதே போரின் பெயரோடு பிள்ளைகள் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

1958இல் "பெரும் பாய்ச்சல்" அறிவிக்கப்பட்டபோது பிறந்தவர்கள் பலருக்கு யுவேஜின், அதாவது பாய்ச்சல், என்று பெயர். அந்தப் பாய்ச்சல் எங்கே போய் விழுந்தது என்பது இன்று தெரிந்த கதை. 1959 முதல் 1961 வரையான பஞ்சத்தில் இறந்தவர்கள் தொகையை ஆய்வாளர்கள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை மதிப்பிடுகிறார்கள். தன்னை வளர்த்த தகப்பனை அந்தப் பஞ்சத்துக்குப் பறிகொடுத்த ஊடகவியலாளர் யாங் ஜிஷெங் பல ஆண்டுகள் ஆவணங்களைத் தேடி, 3.6 கோடி என்ற முடிவுக்கு வந்தார். யுவேஜின் என்று பெயர் வைக்கப்பட்ட குழந்தைகளில் எத்தனையோ பேர் தம் பெயரை எழுதப் பழகுவதற்கு முன்பே பசிக்குப் போயிருப்பார்கள். தப்பியவர்கள் வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயரில் கையொப்பம் இட்டார்கள்.

1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கியதும் வெய்தோங் பெருகியது. "கிழக்கைக் காவல் செய்" என்பது அதன் பொருள். கிழக்கு என்பது மாவோ சேதுங்கின் பெயரில் உள்ள கடைசி எழுத்து. ஆகவே அதை "மாவோவைக் காவல் செய்" என்றும் வாசிக்கலாம். சிவப்பு என்ற ஹோங், சிவப்புப் படைவீரன் என்ற ஹோங்பிங், கலாசாரப் புரட்சி என்பதன் சுருக்கமான வென்கே ஆகியவையும் அப்போது பிறந்த பெயர்கள்தாம்.

நொபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் மோ யான், 1950இலிருந்து அரை நூற்றாண்டுக் கால நில வரலாற்றைச் சொல்லும் ஒரு நாவலில் பாத்திரங்களுக்கு விடுதலை, பரஸ்பர உதவி, கூட்டுறவு, அமெரிக்க எதிர்ப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார். வாசகர் வருடத்தைத் தேட வேண்டியதில்லை, பாத்திரத்தின் பெயரே போதும். மோ யான் என்பதும் புனைபெயர்தான். அவருடைய இயற்பெயர் குவான் மோயே. அதன் நடு எழுத்தை இரண்டாகப் பிளந்தால் வருவது "பேசாதே" என்று பொருள்படும் மோ யான்.

பெற்றோர் ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள்? உண்மையான நம்பிக்கை பலருக்கு இருந்தது. ஓபியம் போர்களிலிருந்து ஒரு நூற்றாண்டு நீண்ட அந்நியத் தலையீடும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் பார்த்த மக்களுக்கு 1949 ஒரு முடிவாகத் தெரிந்தது. இனிப் பிள்ளைகள் கட்டுவார்கள், ஓட மாட்டார்கள் என்ற நம்பிக்கையை ஜியென்குவோ என்ற பெயரில் கேட்கலாம். சிலருக்கு அது பாதுகாப்பு. நிலமோ கடையோ வைத்திருந்த குடும்பம் "வர்க்கப் பின்னணி" விசாரிக்கப்படும் நாட்டில், பிள்ளைக்குப் புரட்சிகரமான பெயர் வைப்பது வாசலில் ஒரு கவசம் மாட்டுவதுபோல. இன்னும் சிலர் ஊரோடு ஒத்து வைத்தார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே பெயரால்தான் கூப்பிட்டார்கள். எது எந்த வீடு என்று பெயரைக் கேட்டுச் சொல்ல முடியாது.

பெயரை மாற்றச் சொன்ன நாள்

1966 ஓகஸ்ட் 18ஆம் திகதி தியனன்மென் மேடையில் ஒரு மாணவி மாவோவின் கையில் செங்காவலர் பட்டியைக் கட்டிவிட்டாள். பெயர் என்ன என்று அவர் கேட்டார். சோங் பின்பின் என்றாள். பின்பின் என்பது பண்பும் நயமும் உள்ளவர் என்ற பொருள் தரும். போர்க்குணம் வேண்டும் என்றார் மாவோ. சில நாட்களுக்குள் "போர்க்குணம் வேண்டும்" என்று பொருள்படும் சோங் யாவோவூ என்ற பெயரில் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அந்தக் கட்டுரையைத் தான் எழுதவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். ஆனால் நாடெங்கும் அவர் அந்தப் பெயராலேயே அறியப்பட்டார்.

அந்த மேடை நிகழ்வுக்கு இரண்டு வாரங்களுக்குள், ஓகஸ்ட் 5ஆம் திகதி, அவர் படித்த பாடசாலையின் உப அதிபர் பியென் சோங்யுன் என்ற பெண்மணி மாணவிகளால் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். 2014 ஜனவரியில் சோங் பின்பின் பெய்ஜிங்கில் பழைய ஆசிரியர்கள் முன் தலைவணங்கி, ஆசிரியர்களைக் காக்கத் தவறியதற்காக மன்னிப்புக் கேட்டார். கொல்லப்பட்டவரின் கணவர் அதை ஏற்கவில்லை. 2024இல் சோங் பின்பின் காலமானபோதும் செய்திகள் யாவோவூ என்ற அந்தப் பெயரை நினைவுகூர்ந்தன. தாய் தகப்பன் வைத்த பெயரை ஒரு தலைவரின் ஒற்றைச் சொல் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு கதையும் உண்டு. 2013 முதல் 2018 வரை சீனாவின் உப ஜனாதிபதியாக இருந்தவர் லி யுவான்சாவ். 1950 நவம்பரில், கொரியப் போருக்குள் சீனா இறங்கிய சூட்டோடு பிறந்தவர். கொரியாவுக்கு உதவு என்பதுதான் அவருக்கு வைத்த பெயர். பின்னர் அவர் ஓசையை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்துகளை மட்டும் மாற்றினார். இப்போது எழுதப்படும் யுவான்சாவ் என்பதன் பொருள் "ஊற்று" என்பதும் "கடலின் ஏற்றம்" என்பதும். அம்மா கூப்பிட்ட குரல் மாறவில்லை. காகிதத்தில் போர் மறைந்து தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஓசைக்குப் பல எழுத்துகள் இருக்கும் மொழி தன் மக்களுக்குக் கொடுத்த சிறிய ஒழுங்கை அது.

நமக்குப் பழக்கமான இடாப்பு

வன்னியிலோ கிழக்கிலோ யாழ்ப்பாணத்திலோ யுத்த காலத்தில் பாடசாலைக்குப் போனவர்களுக்கு இவற்றை அதிகம் விளக்கத் தேவையில்லை. முப்பதுகளில் இருக்கும் என்னுடைய வகுப்பு இடாப்பையே எடுத்துக்கொள்கிறேன். சாமிப் பெயர்களும் வடமொழிப் பெயர்களும் புனிதர் பெயர்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவே தூய தமிழ்ப் பெயர்கள், மண்ணின் பெயரை முன்னால் கொண்ட பெயர்கள், வீட்டில் இழந்த ஒருவரின் நினைவாக வைத்த பெயர்கள் இருந்தன. பெயரைக் கேட்டே பிறந்த ஆண்டையும் ஊரையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

பெயர் வைத்தவர்கள் அன்றைய நம்பிக்கையில் வைத்தார்கள். அதற்கான பதிலைச் சோதனைச் சாவடியில் சொல்லவேண்டி வந்தவர்கள் பிள்ளைகள். அடையாள அட்டையை வாங்கியவர் பெயரைப் பெயராக வாசிக்கவில்லை, வாக்குமூலமாக வாசித்தார். "இந்தப் பெயரை ஏன் வைத்தார்கள்?" என்ற கேள்விக்குப் பதினெட்டு வயதுப் பையனிடம் என்ன பதில் இருக்கும்? 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பெயர் தேடும் இளம் பெற்றோர், உச்சரிக்க இலகுவானதாக, எந்த நாட்டுப் படிவத்திலும் சிக்காததாக ஒன்றைத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். அழகுக்காக மட்டும் நடக்கும் தேடல் அது என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வரலாறுகளும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே பெயர் அதிகாரத்தில் இருந்த அரசின் பக்கம் நின்றது. இங்கே பெயர் அரசு சந்தேகித்த பக்கம் நின்றது. ஆனால் பெயரைச் சாட்சியாக வாசிக்கும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. தான் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்காக ஒருவர் பதில் சொல்லவேண்டி வருகிறது.

இன்றைய ஜியென்குவோ

சீனாவில் இன்று பிறக்கும் ஆண்பிள்ளைக்கு ஜியென்குவோ என்று பெயர் வைப்பது அபூர்வம். 1970களிலும் 80களிலும் வெய், ஜுன், யோங் போன்ற ஓரெழுத்துப் பெயர்கள் பெருகின. அதனால் ஒரே பெயரில் இலட்சக்கணக்கானோர் உருவாகி, பதிவேடுகள் திணறின. சாங் வெய் என்ற ஒரு பெயரில் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர் இருப்பதாக 2007இல் கணக்கிடப்பட்டது. இன்றைய பெற்றோருக்குப் பிடித்தவை ஹாவோயூ, ஹாவோரான் போன்ற பெயர்கள். பரந்த அண்டம், விரிந்த மனம் என்றெல்லாம் அவை பொருள் தருகின்றன. நாட்டின் இடத்தை வானம் பிடித்திருக்கிறது. ஆனாலும் பழைய வழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒலிம்பிக் என்று பொருள்படும் ஆவோயுன் என்றே பெயர் வைத்தார்கள்.

ஜியென்குவோ இப்போது பகிடியிலும் வாழ்கிறது. டொனால்ட் ட்ரம்புக்குச் சீன இணையவாசிகள் வைத்த பட்டப்பெயர் "சுவான் ஜியென்குவோ". தன் நட்பு நாடுகளோடு சண்டை பிடித்து, தெரிந்தோ தெரியாமலோ சீனாவைக் கட்டியெழுப்ப உதவுகிறார் என்பது அதன் குத்தல். அந்தப் பகிடி வேலை செய்வதற்குக் காரணமே, ஜியென்குவோ என்றதும் சீனர் மனக்கண்ணில் நாட்டுப்பற்று மிக்க ஒரு பழைய காலத்து மாமா வந்து நிற்பதுதான்.

பெயருக்கும் அரசுக்கும் உள்ள உறவின் மறுபக்கத்தில் பகிடி இல்லை. 2017இல் சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம் பிள்ளைகளுக்கு வைக்கக் கூடாத பெயர்களின் பட்டியல் நடைமுறைக்கு வந்ததாக மனித உரிமை அமைப்புகள் தெரிவித்தன. இஸ்லாம், குர்ஆன், மக்கா, மதீனா போன்றவை அதில் இருந்தன. அப்படிப் பெயர் வைத்தால் குடும்பப் பதிவில் பிள்ளையைச் சேர்க்க முடியாது. பதிவு இல்லாவிட்டால் பாடசாலைக்கும் மருத்துவத்துக்கும் சிக்கல். நாட்டை நிறுவு என்ற பெயரை யாரும் சட்டம் போட்டு வைக்கச் சொல்லவில்லை, மக்கள் தாமாக வைத்தார்கள். எந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று சொல்லும்போதுதான் அரசு கையில் பேனாவோடு நேரில் வருகிறது.

ஒரு பெயர் எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பதற்கு ஓர் உதாரணம். 2020 ஜனவரி 9ஆம் திகதி, வுஹானில் பரவும் நிமோனியாவுக்குக் காரணம் ஒரு புதிய கொரோனா வைரஸ் என்று சீன நிபுணர் குழுவின் தலைவர் அரச செய்தி நிறுவனத்துக்கு அறிவித்தார். அவர் ஒரு நுண்ணுயிரியலாளர். பெயர் சூ ஜியென்குவோ. அந்தப் பெயரிலிருந்து அவர் எந்தக் காலத்துப் பிள்ளை என்று ஊகிக்கலாம், அவருடைய பெற்றோர் காலத்துக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சொல்லலாம். அவர் வாழ்நாள் முழுவதும் எதைத் தேடினார், எதை நம்பினார், எதற்குப் பயந்தார் என்று அந்த இரண்டு எழுத்துகளும் நமக்குச் சொல்லாது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தமுறை செய்தியில் ஒரு ஜியென்குவோவையோ யுவான்சாவையோ வெய்தோங்கையோ கண்டால், பெயரிலிருந்து ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் அந்த வீட்டில் இருந்த நம்பிக்கையையும் பயத்தையும் ஊகித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்த மனிதரைப் பெயரை வைத்துத் தீர்ப்பிட வேண்டாம். பெயரை வைத்துத் தீர்ப்பிடப்பட்ட ஒரு சமூகத்துக்கு இந்த ஒழுக்கம் மற்றவர்களைவிடச் சற்று இலகுவாக வர வேண்டும்.